ஒரு வார்டுக்கு இரண்டு கை

ஆள் குறைந்த வார்டில் தையல் போட்ட இடம் சீழ் பிடிக்கும் என்று ஞானப்பூவுக்கு முதன்முதலில் சொன்னவள் அவளுடைய மகள் ஜாஸ்பின். மஸ்கட்டில் நர்ஸாக இருப்பவள். அப்பாவுக்கு இரண்டாவது தடவையாக வயிற்றைத் திறந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், டியூட்டிக்குக் கிளம்புகிற அவசரத்தில் தலையைப் பின்னிக்கொண்டே போனில் சொன்னாள். அதற்கு முன்னால் ஞானப்பூ எல்லாவற்றையும் ஒப்பித்திருந்தாள். சர்க்கரைதான் காரணம் என்று டாக்டர் சொன்னார். அப்பாவுக்கு வயசாச்சில்லா என்று சென்னையிலிருந்து மகன் சொன்னான். இதிலும் ஆண்டவருக்கு ஒரு நோக்கம் இருக்கும் என்று சபை ஐயர் வந்து ஜெபித்துவிட்டுப் போனார். எல்லாவற்றுக்கும் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்த ஜாஸ்பின், வார்டில் காலையில் எத்தனை சிஸ்டர் நிற்கிறார்கள் என்று கேட்டாள். ஒருத்திதான் மக்களே, ஷைனின்னு ஒரு பிள்ளை, அதுக்க ஓட்டத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கு. சாயங்காலம்? சாயங்காலம் வேறொருத்தி, அவளும் ஒருத்திதான். கட்டில் முழுக்க ஆளா? முழுக்க ஆள்தான், வராந்தாவிலும் கட்டில் போட்டிருக்கு. ஜாஸ்பின் பின்னுவதை நிறுத்திவிட்டாள். "அப்போ சர்க்கரைய மட்டும் குத்தம் சொல்லாதீங்கம்மா. ஒருத்தியே அத்தனை பேரையும் தொட்டா நடுவுல கை கழுவ அவளுக்கு நேரம் ஏது? நான் பாத்திருக்கேன். சிஸ்டர் குறையக் குறைய, ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்குப் போனவங்க சீழோட திரும்பி வாறது கூடும்." அவ்வளவுதான் சொன்னாள். வேன் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாள். ஞானப்பூ போனை மடியில் வைத்தாள். கை என்கிற அந்த ஒரு சொல் மீன் முள் மாதிரித் தொண்டையில் நின்றுவிட்டது. சோற்றை உருட்டி விழுங்கினால் போகிற முள்ளாக அது இல்லை.

இப்போதும் அங்கேதான் நிற்கிறது. ஆண்கள் வார்டின் வாசலை ஒட்டிய கட்டிலருகே டிரெஸ்ஸிங் டிராலி நிற்கிறது, ஷைனி குனிந்திருக்கிறாள், அவளுடைய வெள்ளைத் தொப்பி ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. அந்தக் கட்டிலிலிருந்து இந்தக் கட்டில்வரை வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று ஞானப்பூவுக்குத் தெரியும், ஒரு அத்தியாயம் நிதானமாக வாசித்து முடிக்கலாம், ஆனால் வேதப்புத்தகம் திறந்தபடி மடியில் கிடக்கிறது, கண் அதில் நிற்கவில்லை. டிராலியின் ஒரு சக்கரத்துக்கு எண்ணெய் வேண்டும். உருளும்போது கீச்சென்று ஒரு சத்தம், நின்றால் அமைதி, அந்த அமைதியில்தான் யாராவது ஒருவர் பல்லைக் கடித்துக்கொண்டு அம்மா என்பார். எட்டீ, ஃபர்ஸ்ட் ஸ்டாப்பில வண்டி நிக்குது, ஆள் இறங்கக் காணோம் என்கிறார் கட்டிலில் கிடக்கிற அவள் வீட்டுக்காரர் ஏசுவடியான். முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக விசிலடித்தவருக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் அது ஒரு ரூட்டாகத்தான் தெரியும். படுத்த இடத்திலிருந்தே வார்டு முழுக்க ஸ்டாப் பெயர் வைத்திருக்கிறார். வாசல் கட்டில் வடசேரி, நடுவிலே சுங்கான்கடை, கடைசி ஸ்டாப்பான இவருடையது களியக்காவிளை. பேசாமக் கிடங்க, வயித்தை அசைக்காதீங்க என்று ஞானப்பூ சொல்கிறாள். சிரித்தால் அந்த இடம் வலிக்கும், வலித்தாலும் சிரிப்பார், சிரித்துவிட்டு முகம் ஒரு நொடி வெளுக்கும், அந்த வெளுப்பை அவள் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்வார். என்ன பெரிய நோய், குடலிறக்கம், ஊரில் யாருக்குத்தான் வரவில்லை. உள்ளே வலை வைத்துத் தைத்துவிட்டால் பத்து நாளில் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சலாம் என்றார்கள். வலை வைத்தார்கள், தைத்தார்கள், வீட்டுக்கும் அனுப்பினார்கள். கிறிஸ்துமஸ் கழிந்த கையோடு தையலைச் சுற்றிச் சிவந்தது. சொறியாதீங்க என்று இவள் கையைத் தட்டிவிட்டாள். பிறகு காய்ச்சல், பிறகு ஒரு நாள் பனியனில் மஞ்சளாக ஒரு வட்டம், அந்த வாடை. திரும்பவும் இங்கே, திரும்பவும் திறந்தார்கள், வலையை உருவி எடுத்தார்கள், இப்போது தைக்காமலே விட்டிருக்கிறார்கள், உள்ளிருந்து ஆறி வரணுமாம், தினமும் திறந்து துடைத்துத் துணி வைத்து மூடணும். இனியொரு தடவை சீழ் வைத்தால் வயிற்றுச் சதை தாங்காது, ரத்தத்தில் இறங்கிவிடும், நான் ஒண்ணும் சொல்ல முடியாது என்று டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அதை அவள் இவரிடம் சொல்லவில்லை. ஆறிக்கிட்டு வருதுன்னு டாக்டர் சொன்னாரு என்றுதான் சொன்னாள். ஆண்டவரே அந்தப் பொய்யை மன்னியும். கீச்.

சுங்கான்கடைக்கு இன்னும் வரவில்லை. கண்ணை மூடினால் அந்தப் பழைய நாள் வந்துவிடுகிறது, அதனால் மூடப் பயமாக இருக்கிறது, கண்ணை மூடாமல் எப்படி ஜெபம் பண்ணுவது, சின்ன வயசிலிருந்து மூடித்தான் பழக்கம். முதல் ஆபரேஷன் முடிந்த மறுநாள். இதே வார்டு, அந்த ஜன்னல் பக்கம் கட்டில். பக்கத்தில் முதுகில் பெரிய கட்டி உடைந்து கிடந்த ஒரு மனுஷர், பெயர் மறந்துவிட்டது, இறச்சகுளத்துப் பக்கம். ஷைனி அவருடைய முதுகைத் துடைத்தாள். பஞ்சு பஞ்சாக எடுத்துத் தட்டில் போட்டாள். அந்த நேரத்தில் மேசைமேல் போன் அடித்தது, வராந்தாவிலிருந்து யாரோ சிஸ்டர் டிரிப்ஸ் தீர்ந்து போச்சு என்று கூப்பிட்டார்கள், தியேட்டரிலிருந்து ஒருத்தரைக் கொண்டுவந்து ஸ்ட்ரெச்சரோடு நிறுத்தினார்கள். ஷைனி வாறேன் வாறேன் என்று சொல்லிக்கொண்டே இந்தப் பக்கம் திரும்பினாள். அதே கிளவுஸ். ஞானப்பூ பார்த்தாள். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது, விரல் நுனியில் ஈரம் மினுங்கியதுவரை பார்த்தாள். சமையல்கட்டில் மீன் கழுவின கையோடு தயிர்ப் பானையைத் தொட்டால் மருமகளை ஒரு சொல் சொல்லாமல் விட்டிருப்பாளா. ஆனால் அந்தப் பிள்ளையின் முகம். காலையில் ஒன்றும் சாப்பிடாத முகம் அது, பெற்றவளுக்குத் தெரியும். இதைப் போய் நான் ஒரு வார்த்தை சொல்லி நோகப் பண்ணணுமா, படிச்ச பிள்ளை, அதுக்குத் தெரியாததா எனக்குத் தெரியும், எட்டாம் கிளாஸ் தாண்டாதவள். அப்போது என்ன செய்தாள்? கண்ணை மூடிக்கொண்டாள். கர்த்தாவே இந்தக் கையை ஆசீர்வதியும், இந்தக் கை தொடுகிற இடமெல்லாம் சுகம் உண்டாகட்டும் என்று மனதுக்குள் உருகிக் கேட்டாள். உண்மையாகவே உருகினாள், கண்ணோரத்தில் ஈரம்கூட வந்தது. கண்ணைத் திறந்தபோது பிளாஸ்திரி ஒட்டி முடிந்திருந்தது. தேங்க் யூ சிஸ்டர் என்றார் ஏசுவடியான். அவளும் தேங்க்ஸ் மக்களே என்றாள். கழுவு என்று சொல்ல வேண்டிய கையை ஆசீர்வதியும் என்று சொன்னேனே. எந்த ஜெபத்தில் இதைப் போய் அறிக்கை பண்ணுவது. சபையில் எழுந்து நின்று சொல்ல முடியுமா. சொன்னால் மற்றவர்கள் அதிலென்ன தப்பு ஞானப்பூக்கா, ஜெபம்தானே பண்ணினீங்க என்பார்கள். அவர்களுக்குப் புரியாது. இவளுக்கே முழுக்கப் புரிகிறதா என்ன. ஆண்டவர் ஒருவேளை கேட்டுக்கொண்டுதான் இருந்தாரோ, உனக்கு வாய் தந்திருக்கேனே ஞானப்பூ என்று.

கீச், கீச், நின்றது. கட்டிலில் யாரோ உஸ் என்கிறார்கள். ஏசுவடியான் கண்ணை மூடிக்கொண்டு விரலால் கட்டில் கம்பியில் தாளம் போடுகிறார், பயம் வந்தால் அப்படித்தான். இந்த வார்டு இப்படி இருந்த வார்டா. ஜாஸ்பின் நர்ஸிங் முடித்ததும் முதலில் வேலைக்குச் சேர்ந்தது இங்கேதானே. அப்போது காலை டியூட்டிக்கு நாலு பேர் ஒன்றாகப் படியேறி வருவார்கள், தலைமை சிஸ்டர் ஒரு அம்மா, வாசலில் நின்று ஒவ்வொருத்தியுடைய நகத்தையும் பார்ப்பாராம். அந்த அம்மா ஓய்வு பெற்றுப் போனார், அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது, பிறகு நாற்காலியையும் எடுத்துவிட்டார்கள். ஒருத்தி லண்டன், ஒருத்தி குவைத், ஒருத்தி கல்யாணமாகி மஸ்கட் போய் அங்கிருந்து ஜாஸ்பினுக்கு வழி சொன்னாள். போனவர்களுக்குப் பதிலாக ஆள் எடுக்கவில்லை. எடுத்தாலும் கொடுக்கிற சம்பளத்துக்கு யார் நிற்பார்கள். இருக்கிறவர்களைக் கொண்டு ஓட்டினார்கள். பெருமாள்புரத்துச் சபையில் வெள்ளிக்கிழமைதோறும் உபவாசக் கூடுகை, ஞானப்பூதான் முன்னால் நின்று நடத்துவாள். என்ன ஜெபக் குறிப்பு வரும்? பாதி, விசா. ஆண்டவரே இன்னாருடைய மகளுக்கு எக்ஸாமில் ஜெயம் கொடும், இன்னாருடைய பிள்ளைக்கு இண்டர்வியூவில் தயவு கிடைக்கப்பண்ணும், வழிகளைத் திறந்தருளும். பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கேட்டாள். வழி திறந்தது, ஒவ்வொரு வீடாகத் திறந்தது. ஜாஸ்பினுக்குத் திறந்த ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று சாட்சி சொன்னாள், அழுதாள், எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள். அந்த ஸ்தோத்திரத்தில் இந்த வார்டிலிருந்து ஒரு சிஸ்டர் குறைந்தாள் என்று அன்றைக்கு யாருக்குத் தோன்றியது. நாம் திறக்கக் கேட்ட கதவு வழியாகத்தான் எல்லாரும் போனார்கள். போகாண்டாம் என்று கேட்டிருக்கணுமா? அதெப்படி, மாடிவீடு கட்டினது அவள் காசு, தம்பியைப் படிக்க வைத்தது அவள். அப்படிக் கேட்டிருக்க முடியாது. ஆனால் இங்கே நிற்கிற பிள்ளைக்கு ஒரு துணை தாரும் என்றும் கேட்டிருக்கலாமே, அது ஒரு ஜெபக் குறிப்பாக யாருக்கும் தோன்றவில்லையே.

அந்த முதல் போனுக்குப் பிறகு ஒரு நாள் ஜாஸ்பின் மறுபடியும் கூப்பிட்டாள், தானாகவே அந்தப் பேச்சை எடுத்தாள். அன்றைக்கு அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. கடைசி வருஷம் அந்த வார்டுல நான் தனியாத்தான் நின்னேன்ம்மா, உங்ககிட்ட சொல்லல என்றாள். கை கழுவுற தொட்டி அந்தக் கோடியில, பாத்ரூம் பக்கம். ஒவ்வொரு கட்டிலுக்கும் போய்ப் போய்க் கழுவிட்டு வந்தா பாதிப் பேருக்கு மத்தியானமாகும், அதுக்குள்ள ஊசி நேரம் வந்திரும், டாக்டர் ரவுண்ட்ஸ் வந்திருவாரு, எல்லாரும் கத்துவாங்க. கட்டில் கால்ல தொங்குற, கையில தேய்க்கிற மருந்துக் குப்பி காலியாக் கிடக்கும், எழுதிக் கேட்டா வரும் வரும்பாங்க. "முதல்ல ரெண்டு கட்டிலுக்கு ஒருக்கா கழுவினேன். பொறவு நாலுக்கு ஒருக்கா. பொறவு எத்தனைக்கு ஒருக்கான்னு நான் பாக்கதையே விட்டுட்டேன்ம்மா. எனக்கு அந்தப் பயத்திலதான் அங்க நிக்க முடியல, சம்பளத்துக்காக மட்டும் போகல." அங்கே ஏ.சி. ஓடுகிற சத்தம் இங்கே கேட்டது. நான் கெட்டவளாம்மா என்று கேட்டாள். ஞானப்பூ இல்ல மக்களே, இல்ல என்றாள். உடனே சொன்னாள், யோசிக்காமல் சொன்னாள். இப்போது யோசிக்கிறாள். இந்தக் கட்டிலில் அன்றைக்கு யாரோ ஒருவர் கிடந்திருப்பார். இந்த மாதிரியே ஒருத்தி ஸ்டூலில் உட்கார்ந்து மகளின் கையைப் பார்த்திருப்பாள், இந்தப் பிள்ளை களைத்திருக்கே, எதுக்குச் சொல்லணும் என்று வாயை மூடியிருப்பாள். அவள் வீட்டுக்காரர் பிழைத்தாரா. அவள் யாரோ, எந்த ஊரோ. அந்த முகம் தெரியாதவளிடம் ஞானப்பூ மன்னிப்புக் கேட்கிறாள், மகளுக்காகக் கேட்கிறாளா தனக்காகவா, இரண்டும் பிரியவில்லை.

டிராலி இப்போது எதிர் வரிசையில். ஷைனி நிமிர்ந்து நெற்றியைத் தோள்பட்டையில் துடைத்துக்கொள்கிறாள், கையால் துடைக்கக்கூடாது என்பது ஞாபகம் இருக்கிறது அவளுக்கு. அப்படியானால் எல்லாமே ஞாபகம் இருக்கும், நேரம்தான் இல்லை. முந்தாநாள் சாயங்காலம் போகிற வழியில் வந்து ஸ்டூலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். அம்மா, நீங்க நல்லா ஜெபம் பண்ணுவீங்களாமே, அங்கிள் சொன்னாரு, எனக்காண்டி ஒண்ணு ஜெபிச்சுக்கிடணும், அடுத்த மாசம் ஓமானுக்கு எக்ஸாம். சொல்லும்போது அந்தப் பிள்ளையின் கண்ணில் ஒரு வெளிச்சம். ஞானப்பூ அவள் தலையில் கையை வைத்தாள். வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் ஜெபத்துக்கு வார்த்தை வராமல் போனதில்லை அவளுக்கு, தண்ணீர்க் குழாய் மாதிரி திருகினால் கொட்டும் என்று ஏசுவடியானே கிண்டல் பண்ணுவார். வழியைத் திறந்தருளும் என்று சொன்னால் இந்த ஒரு ஜோடிக் கையும் போய்விடும். நாளைக்கு இவரை யார் துடைப்பார். திறவாதேயும் என்று கேட்டால் அது சாபம் அல்லவா, ஒரு பெண்பிள்ளையின் தலைமேல் கையை வைத்துக்கொண்டு சாபமா. கடைசியில், ஆண்டவரே இந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் என்று மட்டும் சொன்னாள். ஷைனி ஆமென் என்றாள், அதுவே போதும் என்பது போல எழுந்து போனாள். பாவம், அவளை ஏமாற்றின ஜெபம் அது. இவர் வயிற்றை மனசில் வைத்துக்கொண்டு கேட்ட ஜெபம்.

பக்கத்துக் கட்டிலுக்கு வந்துவிட்டது. லாரி ஓட்டுகிற ராசுக்குட்டி, சர்க்கரையில் கால் அழுகி இரண்டு விரலை எடுத்திருக்கிறார்கள். அவர் மனைவி மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். துணியைப் பிரிக்கும்போதே அந்த வாடை, அதே வாடை, பனியனில் மஞ்சள் வட்டம். களியக்காவிளை இறங்கறவங்க ரெடியாகுங்க என்கிறார் ஏசுவடியான். இவள் அவர் தோளைத் தொடுகிறாள், எலும்பு தட்டுகிறது, இந்தத் தோளில் எத்தனை வருஷம் தோல் பை தொங்கியது, அந்த வார்ப்பட்டை பதிந்த இடம் இன்னும் கறுப்பாக இருக்கிறது. சொல்லணும். எப்படிச் சொல்வது. சிஸ்டர், கை கழுவினீங்களா? அது கேள்வி, குத்தம் சொல்வது மாதிரி இருக்கும். எனக்க மகளும் நர்ஸ்தான் மக்களே என்று தொடங்கலாமா, அது பெருமை பீற்றுவது. மகன் இருந்திருந்தால் கத்தியிருப்பான், மேலே எழுதிப் போடுவேன் என்றிருப்பான், போன தடவையே அப்படித்தான் கிளம்பினான், இவள்தான் தடுத்தாள். எழுதிப் போட்டால் யார் பெயர் வரும்? ஷைனியின் பெயர்தான் வரும். ஆள் போடாதவர்களுக்குப் பெயர் கிடையாது, அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே இவளுக்குத் தெரியாது. இங்கே கண்ணில் படுவது இந்த இருபத்தி நாலு வயசுப் பிள்ளை ஒருத்தி. கோபித்துக்கொண்டால்? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு துணியை வெடுக்கென்று இழுத்தால்? வலிக்கப்போவது இவருக்கல்லவா. எட்டீ நீ சும்மா கிட, அவங்களுக்குத் தெரியாதா என்று இவரே சொல்லிவிடுவார், மற்றவர் முன்னால் யாரையும் சங்கடப்படுத்தத் தெரியாத மனுஷர், சில்லறை இல்லாதவனைக்கூட இறக்கிவிட்டதில்லை. இன்றைக்கு ஒருநாள் விட்டால் என்ன, நாளைக்குச் சொல்லலாம், தனியாக, மெதுவாக, ஒரு கப் டீ வாங்கிக் கொடுத்துச் சொல்லலாம். அன்றைக்கும் இப்படித்தான் நினைத்தாள். அதுவும் ஞாபகம் வருகிறது, நாளைக்கு என்று அன்றைக்கும் நினைத்தாள், மறுநாள் டிஸ்சார்ஜ் பண்ணிவிட்டார்கள்.

மேசைமேல் போன் அடிக்கிறது. வாறேன் என்கிறாள் ஷைனி, போனிடம். ராசுக்குட்டியின் காலைச் சுற்றி முடித்து, பழைய துணியை வாளியில் போட்டு, டிராலியைக் காலாலேயே இந்தப் பக்கம் தள்ளுகிறாள். போன் நிற்காமல் அடிக்கிறது. வாசலில் தியேட்டரிலிருந்து வந்த ஸ்ட்ரெச்சரைப் பிடித்துக்கொண்டு யாரோ நிற்கிறார்கள். கிளவுஸில் ஒரு மஞ்சள் கீற்று. "அங்கிள், சட்டையத் தூக்குங்க" என்கிறாள், உதடு காய்ந்து வெடித்திருக்கிறது, இன்றைக்கும் சாப்பிடவில்லை. ஏசுவடியான் சட்டையைத் தூக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார். ஞானப்பூவின் கண்ணும் தானாக மூடப் போகிறது, இமை பாதி இறங்கிவிட்டது, கர்த்தாவே என்று உள்ளே தொடங்கிவிட்டது. அவள் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்கிறாள். வேதப்புத்தகம் மடியிலிருந்து சரிந்து தரையில் விழுகிறது, அவள் எடுக்கவில்லை. எழுந்து நின்று, வருகிற அந்தக் கைக்கும் அவர் வயிற்றுக்கும் நடுவில் தன் உள்ளங்கையை மெல்ல நீட்டுகிறாள். ஷைனி நிமிர்ந்து பார்க்கிறாள்.

"மக்களே, இவரத் தொடுகதுக்கு முந்தி கைய ஒருக்கா கழுவிட்டு வந்திரு. எம்புட்டு நேரம் ஆனாலும் நாங்க இருக்கோம்."